மாரி வந்தால் மனம் கனக்கிறது: கனடாவிலிருந்து லைட் எடுப்பிக்க வேண்டுமா?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தால் தை முடியும்வரை அவருக்கு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. விடிந்தும் எழும்ப ஏலாது, பகலிலும் நித்திரை தூங்கி விழுகிறது, சும்மா இருக்கக் கண்ணீர் வருகிறது, பிள்ளைகளோடு எரிந்து விழுகிறார். மூன்று வருடமாக இதே கதை. மாசி வெயில் எறிக்கத் தொடங்கினால் தானாக விட்டுப் போகிறது. ரொறன்ரோவில் இருக்கிற அக்கா, "இது வின்டர் டிப்ரஷன், இங்க கன பேருக்கு வாறது. ஒரு லைட் வாங்கி அனுப்புறன், காலமை அதுக்கு முன்னால இரு" என்கிறாராம். "எங்கட ஊரில வின்டரே இல்லையே, எனக்கு எப்படி இந்த வருத்தம் வந்தது? லைட்டை அனுப்பச் சொல்லட்டோ?" இதுதான் கேள்வி.

லைட் வேண்டாம் தங்கச்சி. அது அக்காவிடமே இருக்கட்டும், அவருக்குத்தான் அது கட்டாயம் தேவைப்படும். ஆனால் அக்கா சொன்னதில் பாதி சரி. மிச்சப் பாதியை ஆறுதலாகப் பார்ப்போம். வன்னியில் பல வருடமாக வீடு வீடாகப் போய் ஆட்களோடு இருந்து கதைப்பதுதான் என் வேலை. மாரியில் சோர்ந்து போனவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஒரு கொப்பி போதாது.

முதலில் அந்த லைட்டின் கதை. நோர்மன் ரோசன்தால் என்ற மனநல வைத்தியர் தென்னாபிரிக்காவில் வளர்ந்தவர். 1976இல் நியூயோர்க் போனார். வெயில் நாட்டிலிருந்து போனவருக்கு அந்தக் குளிர்காலத்தில் வழமையான உசார் இல்லை. வசந்தம் வந்ததும் திரும்பி வந்தது. அதை அப்படியே விட்டுவிடாமல் தன்னைப் போன்றவர்களைத் தேடி ஆராய்ந்தார். 1984இல் சக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 'பருவகால மனச்சோர்வு' என்று பெயர் வைத்து விபரித்தார். காலையில் கடும் வெளிச்சத்தின் முன் இருந்தால் பலருக்கு அது குறைகிறது என்றும் கண்டார்கள். இப்போது வழக்கத்தில் உள்ள லைட் 10,000 லக்ஸ் வெளிச்சம் தருவது (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). விடியப்புறம் எழும்பியவுடன் அரை மணித்தியாலம் முன்னால் இருக்க வேண்டும்.

இனி கணக்கைப் பாருங்கள். மார்கழியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. ஒஸ்லோவில் ஆறுக்கும் குறைவு. நம்முடைய கிளிநொச்சி, முல்லைத்தீவில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல். ஆனியின் நீண்ட பகலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். ஆகவே சூரியன் நம்மைக் கைவிடவில்லை. முகில் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். மூடினாலும் சாதாரண மப்பு நாளில் முற்றத்தில் பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் கிடக்கும். கொஞ்சம் வெளுத்த மப்பென்றால் அக்காவின் லைட் தருகிற பத்தாயிரத்தையே தொட்டுவிடும். அதே நேரம் தூவானம் அடிக்கிறதென்று யன்னலைச் சாத்தி, கதவடியில் சாக்கைப் போட்டு, ஒரு பல்பை எரியவிட்டு உள்ளே இருந்தால் நூறு லக்ஸ் தேறுவதே பெரிய காரியம். கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்மணி விரிந்து சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணின் பின்திரையில், பார்ப்பதற்கென்றில்லாமல் வெளிச்சத்தை அளந்து மூளைக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்வதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நூறு லக்ஸில் அவை விடிந்ததாக எடுப்பதில்லை.

அக்காவுக்கு வெளியே வெளிச்சமில்லை. உங்களுக்கு வெளியே இருக்கிறது, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். அவருடைய மருந்து பெட்டிக்குள் வரும், உங்களுடையது படியிறங்கினால் கிடைக்கும்.

இதைச் சொல்வது சுகம் என்று எனக்குத் தெரியும். வைகாசி, ஆனியில் உங்கள் காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். இருட்டோடு எழும்பி முற்றம் கூட்டுவீர்கள், கிணற்றடிக்குப் போவீர்கள், படலையில் நின்று பக்கத்து வளவுக்காரியோடு நாலு கதை கதைப்பீர்கள். அதற்குள்ளேயே ஒரு மணித்தியால வெளிச்சம், ஒரு மைல் நடை, ஒரு மனிசரின் முகம் மூன்றும் கிடைத்துவிடும். யாரும் அதை வைத்தியம் என்று சொல்வதில்லை. மாரி தொடங்கியதும் முற்றம் சேறு, கூட்ட ஒன்றுமில்லை. மழைத் தண்ணீர் பீலியில் வந்து வாளியில் விழுகிறது, கிணற்றடிக்கும் போகத் தேவையில்லை. விறகு ஈரம், அடுப்பு புகைகிறது. உடுப்புக் கொடி வீட்டுக்குள் வந்துவிடும். மூன்று நாளாகக் காயாத பள்ளிக்கூடச் சட்டையின் புழுங்கல் மணம் முகத்தில் இடிக்கும். மாரியில் ஒரு பொம்பிளையின் மனநிலையை அறிய நான் கேள்வி கேட்பதில்லை, கொடியைப் பார்ப்பேன். அது நடு அறையில், வாசலை மறித்துக்கொண்டு கட்டியிருந்தால் அந்த வீட்டில் வெளியே யாரும் போய் நாள் கணக்காகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் முதல் வேலை கொடியை இடம் மாற்றுவது. பகிடி இல்லை. விறாந்தைக்கோ பின் பத்திக்கோ கொண்டு போங்கள். இடமில்லாவிட்டால் ஒரு தரப்பாளை இறக்கிக் கட்டுங்கள். வாசல் திறக்கும், நீங்களும் உடுப்பைத் திருப்பிப்போட நாலு தரம் வெளியே வருவீர்கள்.

இரண்டாவது, காலைத் தேத்தண்ணியைக் குசினியில் குடிக்க வேண்டாம். கதிரையை விறாந்தையின் விளிம்புக்கு இழுத்து, வானம் தெரிகிற பக்கம் பார்த்து இருந்து குடியுங்கள். மார்கழியில் நம் பக்கம் ஆறேகால், ஆறு இருபது அளவில் சூரியன் எழும். அதற்குப் பிறகு வரும் முதல் மணித்தியாலத்தில் அரை மணி நேரம் போதும். மழை விட்டால் இறங்கி நடவுங்கள். தூறினால் குடை. "நாளையிலிருந்து செய்வன்" என்று நினைத்தால் செய்யமாட்டீர்கள். இதை நான் எனக்கே சொல்லித் தோற்றவன். எழும்பியே ஆகவேண்டிய ஒரு காரியத்தோடு அதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். கோழிக்கூடு திறப்பது மிகத் திறம். கோழிகள் உங்கள் மனநிலையைக் கேட்காது, விடிந்தால் கத்தும். மாடு உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. மாரியிலும் பால் கறக்கிறவர்களிடம் இந்தச் சோர்வு குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். இது ஆராய்ச்சியல்ல, என் கண்ணில் பட்டது.

நித்திரையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாரியில் ஏழரைக்கே ஊர் அடங்கிவிடும். கரண்டும் போனால் பாயை விரித்துவிடுவார்கள். ஏழரைக்குப் படுத்தால் இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வரும். அந்த நேரத்தில் வயலில் தவளைச் சத்தம், கூரையில் மழைச் சத்தம், தலைக்குள் கடன் கணக்கு. பிறகு விடியப்புறம் அசந்து போய் எட்டு மணிக்கு எழும்பினால் அன்றைய பகல் முழுக்கத் தலை பாரம். கூட நேரம் படுத்தால் களை தீரும் என்று எண்ணுகிறோம். இந்தச் சோர்வில் அது நேர்மாறு. ஒன்பதரை, பத்துக்குப் படுங்கள். எழும்பும் நேரத்தை மட்டும் எந்த நாளும் மாற்ற வேண்டாம். பகல் நித்திரை வந்தே தீருமென்றால் அரை மணித்தியாலம், அதுவும் மத்தியானத்துக்குள். காவலுக்குப் போகிற ஆம்பிளைகளுக்கு இது பொருந்தாது. ஆனையும் பன்றியும் வரும் பக்கங்களில் பரணில் இரவிருந்து விட்டு வருகிறவர் காலையில் படுக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு, மூன்று வீடு சேர்ந்து முறை வைத்துக் காவல் போனால் ஒரு ஆளுக்குக் கிழமையில் மூன்று, நாலு இரவாவது மிஞ்சும். இரண்டு மாதம் தொடர்ந்து நித்திரை முழித்தவர் எரிந்து விழுவதை "குணம் கெட்டுப் போச்சு" என்று வீட்டில் சொல்கிறோம். அவருக்குக் குணம் கெடவில்லை, நித்திரை கெட்டிருக்கிறது.

மூன்றாவது விடயம் சிலருக்கு எரிச்சலூட்டும். மனம் வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். செய்தால் மனம் பிறகு வரும். மனச்சோர்வுக்கு உலகமெங்கும் பரீட்சித்துப் பார்த்துப் பலன் கண்ட முறைகளில் இதுவும் ஒன்று, மருந்தில்லாத முறை. சின்னதாகத் தொடங்குவதில்தான் இருக்கிறது சூட்சுமம். வேலை தொடங்கிய காலத்தில் ஒரு அம்மாவிடம், "ஒவ்வொரு நாளும் உங்கட மனநிலையை ஒரு கொப்பியில எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போனால் அவர் கொப்பியை எடுத்துக் காட்டினார், கூரை ஒழுக்கில் நனைந்து ஊதிப்போய் இருந்தது. "தம்பி, எழுதிறதுக்கு முதல் இந்த ஒழுக்கை அடைக்க ஒரு வழி சொல்லும்" என்றார். இருவருமாக ஏணி வைத்து ஏறி, தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டைக்குத் தார் பூசினோம். கொப்பியை விட அது அவரை நிமிர்த்தியது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் முதல் நாளே கொப்பி கொடுப்பதில்லை.

உங்களுக்கு என்ன செய்யலாம்? உரப்பை நாலை எடுத்து மண் நிரப்பி மிளகாய், கத்தரி கன்று வையுங்கள். நம் பக்கத்தில் வீட்டுத்தோட்டத்துக்கு மாரியைப் போல் காலம் வேறில்லை. வெயிலில் வாளி வாளியாக ஊற்றியும் கருகியது, மாரியில் கேட்காமலே தளிர்க்கும். பத்தாம் நாள் புது இலை வந்தால் அது நீங்கள் செய்த வேலைக்கு வந்த மறுமொழி. சோர்ந்த மனதுக்கு யாருடைய ஆறுதலை விடவும் அந்த மறுமொழி நம்பும்படியாக இருக்கும்.

இனி ஆட்கள். இந்தக் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நம் குடியேற்றக் கிராமங்களில் காணிகள் பெரிது, அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று. வெயில் காலத்தில் அது வசதி. மாரியில் பக்கத்து வீடு தீவாகிவிடும். மாதர் சங்கக் கூட்டத்தை மழையென்று ஒத்திப்போடுவார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு, ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். மூன்று நாளாக வீட்டாரைத் தவிர யாரையும் காணாத ஒருவருக்கு மனம் சோர வருத்தமே தேவையில்லை.

சிம்பாப்வே நாட்டில் 2006இல் டிக்சன் சிபண்டா என்ற மனநல வைத்தியர் ஒரு வேலை செய்தார். அங்கே மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அவர் ஊரிலுள்ள கிழவிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளவில் மரத்தடி வாங்கில் இருத்தினார். சோர்ந்து வருகிறவர் பக்கத்தில் இருந்து கதைக்க வேண்டும். கிழவி கேட்பார், இருவருமாக ஒரு சிக்கலை எடுத்து அதற்கு ஒரு வழி பார்ப்பார்கள். 2016இல் வந்த ஆய்வில், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட வாங்கில் இருந்து கதைத்தவர்களிடம் சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் அம்மம்மாமார் திண்ணையில் இருந்து செய்ததுதானே. வித்தியாசம் ஒன்று, அவர்கள் புத்திமதி சொல்லாமல் கேட்கப் பழக்கியிருக்கிறார்கள். நம் அம்மம்மாமாருக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு படலை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள்: பத்து வெண்டிக்காய், ஒரு கோப்பை சீனி கடன் கேட்க, எதுவும். "சும்மா வந்தன்" என்று சொல்லக் கூச்சப்படுகிற ஊர் நம்முடையது. கைக்கு ஒன்று இருந்தால் கால் நடக்கும்.

கோயிலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள், பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கி இருபத்தொரு நாள் பிள்ளையார் பெருங்கதை. ஊர்ப் பொம்பிளைகள் ஒன்றாக இருந்து கதை கேட்பார்கள். அது முடிய, திருவெம்பாவை. பத்து நாள் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பெடியள் ஊரைச் சுற்றிப் பாடிக்கொண்டு வருவார்கள், கோயிலில் பூசை, பிறகு சுண்டலோ அவலோ. இடையில் நத்தார், கரோல் பாட்டு, பள்ளிக்கூட ஒளிவிழா. வருடத்தின் மிக இருண்ட கிழமைகளில் ஆட்களை நாலரைக்கு எழுப்பி, குளிக்கவைத்து, நடக்கவைத்து, கூட்டாகப் பாடவைத்து, சூடாகச் சாப்பிடவும் கொடுத்து அனுப்புகிறார்கள். இதைவிட நல்ல சிகிச்சைத் திட்டத்தை எந்த வைத்தியரும் எழுதமாட்டார். ஒரே ஒரு குறை, சோர்ந்தவர்தான் முதலில் வராமல் விடுவார். அதனால் தனியாகப் போகத் தீர்மானிக்காதீர்கள். "நாளைக்குக் காலமை என்னையும் கூப்பிடு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் சொன்னேன், வன்னியில் மாரிச் சோர்வுக்கு வெளிச்சமும் தனிமையும் மட்டும் காரணமென்றால் என் வேலை சுகமாக இருந்திருக்கும். நம் நாட்காட்டியைப் புரட்டுங்கள். கார்த்திகை (நவம்பர்) 27, போரில் மாண்டவர்களை நினைக்கும் நாள். எத்தனையோ வீட்டில் அன்று ஒரு சுடர் ஏற்றப்படும், ஏற்றாத வீட்டிலும் ஒரு முகம் நினைவுக்கு வரும். மார்கழி 26, 2004இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டுபோன நாள். 2008 கார்த்திகைக் கடைசியில் நிஷா புயல் மழை கொட்டியபோது வன்னிச் சனத்தில் ஏராளமானோர் யுத்தத்தால் இடம்பெயர்ந்து தரப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். 2018 மார்கழிப் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம், 2020 மார்கழி 2 இரவு புரவிப் புயல். எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள். மனம் திகதி மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை. மழை மணம் போதும், தகரத்தில் விழும் சத்தம் போதும்.

ஒரு தாய் இருந்தார், ஊரைச் சொல்லவில்லை. கனமழை தொடங்கினால் அவர் வீட்டு வாசலில் எழும்பி நிற்பார், கையில் ஒரு பை. உள்ளே அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு சேலை. மழை விடும்வரை இருக்கமாட்டார். பைத்தியம் என்று அயலில் சொன்னார்கள். அவரோடு இருந்து கதைத்ததில் தெரிந்தது, அவருடைய காது அந்தச் சத்தத்தை 2008இன் தரப்பாளாகவே கேட்கிறது. நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, படுக்கிற அறையின் தகரத்துக்குக் கீழே கிடுகு வரிச்சுக் கட்டினோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. மற்றது, மழை பிடித்தவுடன் அவர் சுவரில் கையை வைத்து உரத்துச் சொல்ல வேண்டும்: "இது கல்வீடு. இது என்ர சுவர். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. பிள்ளையள் உள்ளுக்குப் படுத்திருக்கினம்." முதல் நாள் வெட்கப்பட்டார். அந்த மாரி முடிவதற்குள் பையைச் சுவரில் ஆணியில் மாட்டினார். அவிழ்க்கவில்லை, மாட்டினார். அவ்வளவும் போதும் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஏதேனும் ஒரு நாள் இருந்தால், அந்த நாளை வெறுமையாக விடாதீர்கள். விளக்கேற்றுவதோ, அவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதோ, ஒரு மரம் நடுவதோ, முன்னமே தீர்மானித்து வையுங்கள். அழுகை வந்தால் அழலாம். அதை யாரும் வருத்தமாக எண்ண வேண்டாம். இழந்தவரை நினைத்து வரும் அழுகை வேறு, காரணம் தெரியாமல் கிழமைக்கணக்காக எதிலும் பற்றில்லாமல் போவது வேறு. இரண்டும் ஒரே மாதத்தில் வருவதால் நம் பக்கத்தில் குழப்பம்.

அடுத்தது காசு. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். பெரும்போகத்துக்கு உழவு, விதைநெல், பசளை, களைமருந்து எல்லாவற்றுக்கும் செலவு ஐப்பசி, கார்த்திகையில். வருமானம் மாசி, பங்குனியில். இடைப்பட்ட காலத்தில் காதில் கழுத்தில் கிடந்தது அடைவு கடையில் இருக்கும், கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரர் படலையில் நிற்பார். ஒவ்வொரு முறை இருட்டும்போதும் "இந்த மழை பயிரை அழுத்திப் போடுமோ" என்ற பயம். மாசியில் உங்களுக்குத் தானாகச் சுகமாகிறது என்றீர்களே, வெயில் மட்டுமா காரணம்? அறுவடையும் அப்போதுதான். இதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. வெயில் காலத்திலேயே இருவருமாக இருந்து மாரிச் செலவை எழுதிப் பார்ப்பது மருந்து. இப்போதைக்கு ஒரு சட்டம் வையுங்கள், பொழுதுபட்ட பிறகு கடன் கதை இல்லை. காலையில் தேத்தண்ணியோடு கதைக்கலாம். இரவில் பத்தாயிரம் ரூபாய் கடன் ஒரு இலட்சம் போலத் தெரியும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எடுப்பதை மாரிச் சோர்வில் இருக்கும்போது தீர்மானிக்கவே வேண்டாம்.

கசிப்பைப் பற்றி ஒரு வரி. குளிருக்கு என்று தொடங்குவார்கள். குடித்த அன்று மனம் இலேசாகும், அடுத்த நாள் முன்பைவிடக் கீழே இறக்கும், நித்திரையையும் கெடுக்கும். வீட்டுக்காரர் மாரியில் மட்டும் கூடக் குடிக்கிறாரென்றால் அவருக்கும் இதே சோர்வு இருக்கலாம். ஆம்பிளைகளின் அழுகை பெரும்பாலும் போத்தல் வழியாகத்தான் வரும்.

சாப்பாட்டில் அற்புதம் எதுவும் இல்லை. இந்தக் கீரை தின்றால் கவலை போகும் என்று வருகிற செய்திகளை நம்ப வேண்டாம். ஆனால் மாரியில் பாணும் சம்பலுமாக நாளை ஓட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே சோர்வு மனதிலிருந்து மட்டும் வருவதில்லை. குளத்து மீன் கிடைக்கும், முருங்கை வேலியில் நிற்கிறது, வல்லாரை ஈர நிலத்தில் படர்கிறது. பின்னேரத்தில் ஒடியல் கூழ் ஒரு பானை வைத்து நாலு பேரைக் கூப்பிட்டால் கூழை விடக் கூடியிருப்பதுதான் வேலை செய்யும். ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். இரத்தச் சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே அறிகுறிகளோடு வரும். டெங்குவோ எலிக்காய்ச்சலோ வந்து மாறியவருக்குக் கிழமைக்கணக்கில் உடம்பும் மனமும் தளர்ந்திருக்கும், அது சோம்பல் அல்ல. வயலுக்கு இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தைப் பற்றிச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சந்தோசத்துக்கென்றே ஒரு காரியமும் சொல்லவேண்டும். குளம் நிரம்பி வான் பாயுதென்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள். உங்களுக்கு முத்தையன்கட்டு கிட்ட. கிளிநொச்சிக்காரருக்கு இரணைமடு, மாந்தை கிழக்காருக்கு வவுனிக்குளம். ஆவணியில் வெடித்துக் கிடந்த நிலத்தின் மேலே கடல் போலத் தண்ணீர், வானடியில் வீச்சு வலையோடு நிற்கும் பெடியள், கச்சான் விற்கிறவர், மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வந்திறங்கும் குடும்பங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சோர்ந்த முகத்தைக் கண்டதில்லை. தண்ணீருக்குக் கிட்டப் பிள்ளைகளை விடவேண்டாம், வான் இழுவை பொல்லாதது. மன்னார்ப் பக்கம் போகக் கிடைத்தால் வங்காலைச் சதுப்பில் இந்த மாதங்களில் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். நமக்குச் சலிக்கிற மாரியைத் தேடிக் குளிர் நாட்டிலிருந்து பறந்து வருகிறதுகள்.

எப்போது இதெல்லாம் போதாது? இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, சாப்பாடு நித்திரை கெட்டு, வீட்டு வேலையோ பிள்ளைகளையோ பார்க்க ஏலாமல் போனால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். காசு இல்லை. "விசர் கிளினிக்" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மருந்து தந்தால் அது பிடிக்க இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், சில வேளை கூடவும். மூன்றாம் நாள் "ஒண்டும் செய்யேல்ல" என்று நிறுத்தாதீர்கள். சுகம் வந்தபிறகும் கேளாமல் நிறுத்தாதீர்கள். இன்னொன்று, எப்போதாவது அளவுக்கு மீறின உசார், நித்திரையே தேவைப்படாத நாட்கள், கண்டபடி செலவு என்று வந்திருந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்லவேண்டும். அப்படியானவர்களுக்கு அக்கா சொல்லும் லைட்கூடச் சில வேளை கெடுதல் செய்யும்.

"இருந்து என்ன பலன்" என்ற எண்ணம் வந்தால் நாளைவரை பொறுக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருபத்துநாலு மணித்தியாலமும் வேலை செய்யும். யாரும் ஆபத்தில் இருந்தால் 1990 அம்புலன்ஸ். மாரி, வயலுக்கு மருந்தடிக்கும் காலமும்கூட. பூச்சிமருந்து, களைமருந்து போத்தல்களை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது தேவைக்கு மட்டும் வாங்குங்கள். இலங்கையில் தற்கொலை வீதம் 1995 அளவில் உச்சத்தில் இருந்தது. அடுத்த இருபது வருடத்தில் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. அதற்குப் பெரிய காரணம், கொடிய விவசாய மருந்துகளைக் கட்டங்கட்டமாகத் தடைசெய்தது. கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த வேளை கடந்துபோகும், கடந்துபோனவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழ்ந்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு என்ன மறுமொழி சொல்வதென்று கேட்டீர்கள். லைட்டைத் தானே வைத்து, விடியப்புறம் எழும்பியவுடன் அதற்கு முன்னால் இருக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஒழுங்கு செய்யுங்கள். இங்கே காலை ஆறரை என்றால் மார்கழியில் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டு மணி. வேலையால் வந்து, சாப்பிட்டுவிட்டு, வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு அவர் தனிய இருக்கிற நேரம். அந்த நேரத்துக்கு வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, உரப்பைக் கன்றுகளைக் காட்டி, வேலியில் பூத்திருக்கிற கார்த்திகைப்பூவைக் காட்டி, படலைவரை நடந்து கதையுங்கள். சிக்னல் விறாந்தையை விடப் படலையடியில்தான் நல்லாக இருக்கும்.